ஐந்தேகால் அவுன்சு

வெள்ளவத்தை,
3 மே 1938

சிவமயம்

தங்கை சிவமணிக்கு,

சின்னையா விசுவலிங்கம் ஆகிய நான், வெள்ளவத்தையில் வசிப்பவன், கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துசாலையின் பொறுப்பிலிருந்து மருந்து கலப்பவன், வயது ஐம்பது, சென்ற மாதம் 24ஆந் தேதி நீ எழுதிய கடிதத்திலுள்ள இரண்டு வேண்டுகோள்களுக்கும் விடை தரும் நோக்கத்துடன் இதை எழுதுகிறேன். இவ்விடம் நானும் இரத்தினம்மாவும் சுகம். என் வயிற்றுப்புண் மாத்திரம் பழைய நிலையிலேயே இருக்கிறது. நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நாலு வருடமாக இக்கேள்வியை நான் கேட்கவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது.

முதல் வேண்டுகோள்: உன் கணவர் பூபாலபிள்ளையை மறுபடி உபாத்தியாயராக எடுப்பதற்குப் பாடசாலை மனேச்சர் சம்மதிக்கிறார், ஆனால் அவர் இப்போது நல்லொழுக்கத்தோடு இருக்கிறார் என்று மதிப்புள்ள உறவினர் ஒருவர் ஜூலை 25க்குள் எழுத்தில் உறுதி தரவேண்டும், அதை நான் தரவேண்டும் என்கிறாய். இரண்டாவது: அவர் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போக நேர்ந்திருக்கிறார், துணையாக நான் நடக்கவேண்டும் என்கிறாய்.

மருந்துச் சீட்டானாலும் மனிதரானாலும், நான் கண்ணால் காணாததற்குக் கையொப்பமிடுவதில்லை. 1934 மார்ச்சில் என் மருந்துசாலை அலுமாரியில் நடந்ததைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். ஆகவே உன் இரண்டாவது வேண்டுகோளை முதலாவதற்கு வழியாகக் கொள்கிறேன். நான் நடப்பேன், பக்கத்திலிருந்து பார்ப்பேன். பொத்துவிலுக்கு அப்பால் காட்டில் தபால் இல்லை. எனவே பொத்துவிலில் வைத்து என் முடிவை எழுதி, மனேச்சர் பெயருக்கு உறையிலிட்டு ஒட்டி, உனக்கு அனுப்புவேன். அது எந்த முடிவாயினும் நீ அதை அவர் கையில் கொடுக்கவேண்டும்.

என் டாக்டர் பகலும் மாலையும் கூவைக்கிழங்கு மாக் கஞ்சி கட்டாயம் என்கிறார். அதற்காகச் சிறு ஸ்பிரிட் அடுப்பொன்றும் அதற்குரிய ஊதா ஸ்பிரிட்டும் கொண்டு வருவேன். ஸ்பிரிட் என் பையில், பூட்டில் இருக்கும்.

பிள்ளைகளுக்கு என் ஆசி.

உன் தமையன்,
சி. விசுவலிங்கம்

*

கல்லடி, மட்டக்களப்பு,
11 மே 1938

என் அன்பான அண்ணாவுக்கு,

சிவமணி எழுதுவது. நாங்கள் எல்லாரும் சுகம். உங்கள் வயிற்றுக்கு மாமாங்கப் பிள்ளையாரிடம் அருச்சனை செய்தேன்.

பெயர், தொழில், வயது எல்லாம் எழுதியா ஒரு அண்ணன் தங்கைக்குக் கடிதம் போடுவது? கோட்டில் சாட்சி சொல்ல வந்தவரைப்போல் இருந்தது. வாசித்துச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன். நாலு வருடத்துக்குப் பிறகு உங்கள் எழுத்தைப் பார்த்த சந்தோஷம்தான்.

நீங்கள் எழுத மாட்டேன் என்றதை நான் எழுதுகிறேன். அவர் உங்கள் வீட்டில் இரண்டு கிழமை தங்கியிருந்தபோது, மருந்துசாலை அலுமாரியிலிருந்த மருந்து ஸ்பிரிட்டை எடுத்துத் தண்ணீர் கலந்து குடித்தார். ஒன்பது அவுன்சு. நீங்கள் மேலதிகாரிக்கு அறிக்கை எழுதி, தலைகுனிந்து நின்றீர்கள். இதை வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை, அவரே சொன்னார். குடியை விட்டு இன்றைக்குப் பதினாலு மாதம் ஆகிறது. நான் எண்ணுவதில்லை என்று அவருக்குச் சொல்லியிருக்கிறேன். எண்ணுகிறேன்.

நீங்கள் வருவது பெரிய ஆறுதல். ஒன்று மட்டும் கேட்கிறேன். ஸ்பிரிட்டைப் பூட்டிக்கொண்டு வராதீர்கள். பதினாறு நாளும் உங்கள் இடுப்பில் ஒரு பூட்டுத் திறப்பைப் பார்த்துக்கொண்டு நடக்கிறவருக்கு முருகனிடம் சொல்ல என்ன இருக்கும்? முடிந்தால் அவரே சுமக்கட்டும்.

இரத்தினம்மா மச்சாளுக்கு என் அன்பு. கொழும்பு வெயிலில் அவவுக்குத் தலையிடி வருவதுண்டே, இப்போது எப்படி?

உங்கள் தங்கை,
சிவமணி

*

வெள்ளவத்தை,
25 மே 1938

தங்கை சிவமணிக்கு,

இவ்விடம் சுகம். இரத்தினம்மாவின் தலையிடியைப் பற்றி விசாரித்திருந்தாய். அவளுக்குத் தலையிடி உண்டென்பதை உன் கடிதத்திலிருந்தே அறிந்தேன். கேட்டேன். உண்டாம்.

எரிபொருள் பற்றிய விபரம் பின்வருமாறு. அடுப்பைக் கொள்ளுப்பிட்டியில் ஸாலிஹ் நானாவின் கடையில் வாங்கினேன். பித்தளை, உள்ளங்கையில் அடங்கும். அவர் அதைக் கடதாசியில் சுற்றிக்கொண்டே, "தொரெ, காட்டுக்குத்தானே போறீங்க? வெறகு இல்லாத காடு எங்க ஈக்கி?" என்றார். ஈரவிறகு, காற்று, நேரம் என்று மூன்று காரணங்களை எடுத்துச் சொன்னேன். "நாலாவது காரணம் நான் சொல்லவா? ஒங்களுக்கு அடுப்பு ஊதத் தெரியாது" என்றார். அவரோடு தர்க்கிக்கவில்லை.

சென்ற ஞாயிறு காலை ஐந்து மணிக்கு, வழக்கம்போல் வெந்நீர் குடித்து முடித்தபின், பரிசோதனைக்காகச் சமையலறைக்குள் போனேன். இரத்தினம்மா, "இருபத்துநாலு வருசத்தில முதல்தரம் இந்தப் பக்கம் வாறீங்கள். வழி தெரிஞ்சதோ?" என்று கேட்டாள். காற்றில்லாத சமையலறையில் ஒரு பைந்து தண்ணீர் கொதிக்க ஒன்பது நிமிடமும் முக்கால் அவுன்சு ஸ்பிரிட்டும் சென்றன. மாலையில் ரயில்பாதைக்கு அப்பால் கடற்கரையில், பிஸ்கட் தகரத்தால் காற்று மறைத்து மறுபடி பார்த்தேன். ஒரு அவுன்சு சென்றது. தெஹிவளைப் பக்கம் போன ரயிலிலிருந்து பலர் எட்டிப் பார்த்தனர்.

ஆகவே நாளொன்றுக்கு இரண்டு கஞ்சி, இரண்டு அவுன்சு. பதினாறு நாளுக்கு முப்பத்திரண்டு. தவறினால் உதவ நாலு. மொத்தம் முப்பத்தாறு அவுன்சு, ஆறு அவுன்சு கொள்ளும் மருந்துப் போத்தல் ஆறில். நோயாளிக்கு வேளை காட்ட மருந்துப் போத்தலின் பக்கத்தில் பல் பல்லாக வெட்டி ஒட்டுவோமே ஒரு கடதாசித் துண்டு, அதையே இந்தப் போத்தல்களிலும் ஒட்டியிருக்கிறேன். ஒரு பல் ஒரு அவுன்சு. எந்த நாளில் மட்டம் எந்தப் பல்லில் நிற்கவேண்டும் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஒரு போத்தலை மூடி மூன்று நாள் வெயிலில் வைத்தேன். மட்டம் மயிரிழையும் இறங்கவில்லை. ஆகையால் போத்தலில் குறைவு ஏற்பட்டால் அதற்கு ஆவியாதல் காரணமாகாது.

உங்கள் யாத்திரைக் கூட்டத் தலைவருக்கும் எழுதியிருக்கிறேன். வரட்சிக் காலமாதலால், படுக்கைக்குப் போகுமுன் விறகுத் தணல் முழுவதையும் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட வேண்டும் என்ற என் யோசனையை அவர் ஏற்றுக்கொண்டார்.

பூட்டைப் பற்றி நீ கேட்டது இயலாது. ஊதா ஸ்பிரிட் நஞ்சு. அது கண்ணைக் கெடுக்கும், உயிரையும் எடுக்கும். காரணம் அவ்வளவே.

உன் தமையன்,
சி. விசுவலிங்கம்

*

கல்லடி,
20 ஜூன் 1938

அண்ணாவுக்கு,

சுகம். நீங்களும் சுகமென்று நினைக்கிறேன். பதில் பிந்திவிட்டது. கோபமாக எழுதக்கூடாது என்று காத்திருந்தேன்.

உங்கள் கணக்கு நல்ல கணக்கு. அவருக்குப் பூட்டைப் பற்றிச் சொல்லவில்லை. பழைய குடையை உடைத்து உங்களுக்கு ஒரு நடைத்தடி செய்துகொண்டிருக்கிறார். அதன் பிடியைத் தேய்த்துத் தேய்த்து மூன்று நாளாயிற்று.

வேறு எழுத இல்லை.

சிவமணி

*

வெள்ளவத்தை,
28 ஜூன் 1938

தங்கை சிவமணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதன் நீளத்தைக் கவனித்தேன். இவ்விடம் இருவரும் சுகம்.

பாமன்கடை வரை பையோடு தினமும் நடந்து பழகி வந்தேன். நேற்று டாக்டர் என் வயிற்றை அழுத்திப் பார்த்து, எட்டு இறாத்தலுக்கு மேல் சுமக்கலாகாது என்று எழுதித் தந்தார். பைகளை நிறுத்துப் பார்த்ததில், போத்தல்களும் அவற்றைச் சுற்றிய தும்பும் பெட்டியுமாக நாலேகால் இறாத்தல் வருகிறது. என் உடுப்பு, மருந்து, மா, பாத்திரம் இவற்றை வேறொருவர் பையில் வைக்க முடியாது. எனவே ஸ்பிரிட் உன் கணவர் பையில் போகும். அவர் பைக்கு என் பூட்டைப் போடுவது முறையன்று. ஆகவே பூட்டு இராது.

இது நிறை பற்றிய முடிவு. மனமாற்றமாக எடுத்துக்கொள்ளாதே.

ஜூலை 10ஆந் தேதி இரவு மெயில் ரயிலில் புறப்படுகிறேன். 11ஆந் தேதி மாமாங்கத்தில் எல்லோருடனும் தங்கி, 12ஆந் தேதி விடிய நடப்போம்.

உன் தமையன்,
சி. விசுவலிங்கம்

*

கல்லடி,
3 ஜூலை 1938

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

பூபாலபிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நலம். தாங்களும் அக்காவும் நலமாயிருக்க முருகன் துணை.

போத்தல் விஷயம் சிவமணி சொன்னாள். நான் சுமக்கிறேன். பக்கத்தில் ஒட்டிய கடதாசியைத் தாங்கள் தினமும் பார்ப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் பார்ப்பேன்.

1934ஆம் ஆண்டு பற்றி எழுதப் பலமுறை பேனா எடுத்தேன். நடந்துகொண்டு சொல்வது இலகுவாக இருக்கலாம். சொல்லாமலும் விடலாம்.

தங்களுக்கு ஒரு தடி தயாராக இருக்கிறது.

பணிவுடன்,
க. பூபாலபிள்ளை

*

பொத்துவில்,
19 ஜூலை 1938

தங்கை சிவமணிக்கு,

நேற்று மாலை பொத்துவில் வந்தோம். இன்று ஓய்வு. எனக்குக் காலில் இரண்டு கொப்புளம். வயிறு எதிர்பாராத அளவுக்கு நன்றாக இருக்கிறது. காலையில் வழமையாக வரும் பிடிப்பு ஒருநாளும் வரவில்லை. உன் கணவருக்குத் தேகசுகத்தில் குறையொன்றுமில்லை.

அவரைப் பற்றி நான் கண்டதை ஒழுங்காக எழுதுகிறேன். கூட்டத்தில் எல்லோருக்கும் முன் எழும்புகிறார். என் பாயைச் சுருட்டி, வெந்நீரும் மல்லிக் கோப்பியும் கையில் தந்து, வயதானவர்களின் மூட்டைகளையும் தூக்குகிறார். வாயில் வாடை இல்லை. கண் தெளிவு. தூரத்திலிருந்தே மைல்கற்களை வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறேன், பிழையின்றி வாசிக்கிறார்.

எரிபொருளில் ஒரு வேறுபாடு உண்டு. மூன்றாம் நாள் முதற் போத்தல் பகலிலேயே முடிந்தது. அன்றுமுதல் மட்டம் ஒவ்வொரு நாளும் பல்லுக்குக் கீழேயே நிற்கிறது. ஏழு நாளுக்கும் பதினாலு அவுன்சு செல்லவேண்டும். சென்றது பத்தொன்பதேகால். குறைவு ஐந்தேகால் அவுன்சு. சிந்திய அடையாளமில்லை, தக்கைகள் இறுக்கமாக உள்ளன. கஞ்சிக்கு நானே அளந்து ஊற்றுகிறேன். பையைச் சுமப்பவர் அவர். நான் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பல்லை அவரும் பார்க்கிறார் என்பதைக் கண்டேன்.

நான் சொன்னபடி மனேச்சருக்குரிய உறையை ஒட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். 25ஆந் தேதிக்கு முன் அவர் கையில் கொடு. திறக்காதே.

நாளை காட்டுப் பக்கம் நடக்கிறோம். இனித் தபால் திஸ்ஸமஹாராமையில்தான். நீ தைரியமாக இரு. நான் வேறு விதமாக எழுத விரும்பினேன்.

உன் தமையன்,
விசுவலிங்கம்

*

கல்லடி,
23 ஜூலை 1938

அண்ணாவுக்கு,

இதைத் திஸ்ஸமஹாராமைத் தபால் கந்தோருக்கு அனுப்புகிறேன். எப்போது உங்கள் கையில் கிடைக்குமோ தெரியாது. உங்கள் கால் கொப்புளத்துக்கு நல்லெண்ணெய் பூசுங்கள். அவரும் சுகமென்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நாலு தரம் வாசித்தேன்.

உறையைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையில்லை, உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. அதை அரிசிப் பெட்டிக்குள், அரிசிக்கு அடியில் வைத்திருக்கிறேன். மனேச்சரிடம் நேற்றே போய், "அண்ணாட கடிதம் இன்னும் வரேல்லை ஐயா, காட்டுப் பாதை, பிந்துது" என்று சொன்னேன். பொய்தான். "ஆறாந் தேதிமட்டும் பொறுக்கிறன், அதுக்கங்கால எனக்கும் மேலிடத்துக் கேள்வி இருக்கு" என்றார்.

நீங்கள் எனக்கு ஒரு வேலை தந்தீர்கள், நான் செய்யவில்லை. பிழை என்னுடையதாகவே இருக்கட்டும். அவர் குடித்திருந்தால் வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். போத்தலில் ஒட்டிய கடதாசி சொன்னதை வைத்து நான் அவர் உத்தியோகத்தை முடிக்க மாட்டேன். அது என்ன சொல்கிறது? போய்விட்டது என்று சொல்கிறது. எங்கே போனது என்று சொல்கிறதா?

ஆனாலும் அண்ணா, நான் நித்திரை கொள்ளவில்லை. பதினாறு மாதம் எண்ணினேன். நேற்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

சிவமணி

*

திஸ்ஸமஹாராமை,
28 ஜூலை 1938

என் அன்புத் தங்கை சிவமணிக்கு,

தந்தி கிடைத்திருக்கும். உறையைக் கொடுக்கவேண்டாம், யாவும் நலம் என்று அடித்தேன். உன் கடிதம் இங்கே எனக்காகக் காத்திருந்ததைத் தந்தி அடித்த பிறகே தபால்காரர் சொன்னார். அதை வாசித்தபின் கந்தோர் வாசலிலிருந்த வாங்குப் பலகையில் வெகுநேரம் இருந்தேன். அருகிலிருந்த சிங்களப் பெண்மணி ஒருத்தி இளநீர் வெட்டித் தந்தாள். நான் நோயாளி என்று நினைத்தாள் போலும்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

21ஆந் தேதி மாலை உகந்தை சேர்ந்தோம். மறுநாள் விடியற்காலையில், மற்றவர்கள் எழும்புமுன் நானே போத்தலை அளந்து பார்க்க எண்ணி எழுந்தேன். பூபாலபிள்ளையின் பாய் வெறுமையாயிருந்தது. பையும் இல்லை. ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து ஸ்பிரிட்டின் வாடை வந்தது. நான் எதைக் காணப்போகிறேன் என்று நினைத்தேனோ, அதை உனக்கு எழுதவேண்டியதில்லை.

பாறைக்குப் பின்னால் அவர் குந்தியிருந்து, தன் முதுகாலும் சால்வையாலும் காற்றை மறைத்து, என் அடுப்பை எரித்துக்கொண்டிருந்தார். மேலே என் பித்தளைச் செம்பு. பக்கத்தில் மல்லிப் பொட்டலம்.

"என்ன செய்யிறீர்?" என்று கேட்டேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். "உங்கட வெந்நீர், அத்தான். இன்னும் ரெண்டு நிமிசம்."

"அது கூட்டத்தின்ர அடுப்பிலயல்லோ வாறது?"

"எந்த அடுப்பு? நீங்கள்தானே இரவு தணலெல்லாம் அணைக்க வேணுமெண்டு சட்டம் போட்டனீங்கள். விடியக் காலமை இந்தக் கூட்டத்தில ஒரு பொறி நெருப்பு இல்லை."

நான் அப்படியே மணலில் இருந்தேன். அவர் தொடர்ந்தார். "வெள்ளவத்தையில நான் நிண்ட நாளில பாத்தனான். அக்கா அஞ்சு மணிக்கு வெந்நீர் தராட்டி உங்களுக்கு வயிறு பிடிக்கும். நீங்கள் எழுதின சாமான் கணக்கில அது இல்லை. சரி, மறந்துபோனார் எண்டு நினைச்சன்."

"மட்டம் இறங்குது எண்டு உமக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

"நான் என்ன நினைச்சன் எண்டு தெரியுமோ?"

"அதுவும் தெரியும், அத்தான். மைல்கல் வாசிச்சு வாசிச்சு எனக்குக் கண்ணே தேஞ்சு போச்சு."

"அப்ப ஏன் வாய் திறக்கேல்லை?"

அவர் செம்பை இறக்கி, மல்லியைப் போட்டு, மூடிவைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "நான் சொன்னா அது குடிகாரன் சொல்லுற காரணம். முந்தியும் எத்தினை காரணம் சொன்னனான். நீங்களாக் கண்டுபிடிச்சாத்தான் கணக்குச் சரி. வெந்நீரை நிப்பாட்டவும் மனம் வரேல்லை. நிப்பாட்டினா உங்களுக்கு வயிறு பிடிக்கும், பிறகு உங்களையும் நான்தானே சுமக்கவேணும்."

சிரித்தோம். முதலில் அவர் சிரித்தார். எனக்குச் சற்று நேரம் எடுத்தது.

சிவமணி, இருபத்துநாலு வருடமாகத் தினமும் ஐந்து மணிக்கு என் கைக்கு வெந்நீர் வருகிறது. அதை ஒருவர் எழுந்து வைக்கவேண்டும், அதற்கு நெருப்பு வேண்டும் என்பது என் நினைவில் ஒருபோதும் எழவில்லை. கஞ்சியைக் கணக்கிட்டேன், காற்றைக் கணக்கிட்டேன், வெயிலைக்கூடக் கணக்கிட்டேன். வெந்நீரை, அது பொழுதைப்போல் தானாக வருவதென்று எண்ணி, கணக்கில் சேர்க்கவில்லை. காலையில் முக்கால் அவுன்சு. ஏழு நாளுக்கு ஐந்தேகால். குறைவு முழுவதும் என் வயிற்றுக்குள்ளேதான் இருந்தது.

அதன்பின் வந்த நாட்களை நான் மறக்கமாட்டேன். பொத்துவிலில் தபாலில் போட்ட உறை என் கண்முன் நின்றது. 25ஆந் தேதி நெருங்க நெருங்க, அது உன் கையிலிருந்து மனேச்சர் கைக்குப் போவதை நடந்துகொண்டே பார்த்தேன். காட்டில் ஒரு தபால்பெட்டி இல்லை. திரும்பி ஓட எனக்குக் கால் இல்லை. ஒட்டிய உறையைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் பையை மற்றத் தோளுக்கு மாற்றினார். பிறகு, "சிவமணி கொடுக்கமாட்டாள்" என்றார். "நான் கொடுக்கச் சொல்லி எழுதினனான்" என்றேன். "அத்தான், நீங்கள் அவளோட பிறந்தனீங்கள். நான் அவளோட குடும்பம் நடத்தினனான்" என்றார்.

மிச்சமிருந்த ஸ்பிரிட்டைச் சிக்கனமாக எரித்தோம். காற்று மறைக்க அவர் முதுகே போதுமாயிருந்தது. 26ஆந் தேதி மாலை கதிர்காமம் சேர்ந்தபோது ஒரு அவுன்சு மீதி.

இத்துடன் மனேச்சருக்குப் புதிய கடிதம் இருக்கிறது. ஒட்டாமல் அனுப்புகிறேன், நீ வாசித்துவிட்டுக் கொடு. பழையதைத் திறக்காமல் எனக்குத் திருப்பி அனுப்பு. என் சொல்லை நீ மீறியதற்கு நான் உனக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். இந்த வாக்கியத்தை நான் இதற்குமுன் யாருக்கும் எழுதியதில்லை.

என் லீவு முடிவதால் நாளை கொழும்புக்குப் புறப்படுகிறேன். அவர் தீர்த்தம் முடியும்வரை நின்று, திரும்பும் வழியில் வெள்ளவத்தைக்கு வருவார். நான் கேட்டேன், சம்மதித்தார்.

அன்புள்ள அண்ணன்,
விசுவலிங்கம்

*

கல்லடி,
4 ஆகஸ்ட் 1938

என் அன்பான அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். எத்தனையோ நாளுக்குப் பிறகு இந்த வரியை யோசியாமல் எழுதுகிறேன். தந்திக்காரன் படலையைத் தட்டியபோது, தந்தியை வாங்கிப் பிரிக்காமலே வேலியடிக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு மாக்ரெட் ரீச்சர்தான் வாசித்துச் சொன்னா. "யாவும் நலமாம், பிள்ளை, ஏன் அழுகிறாய்?" என்று என்னைப் பிடித்துக்கொண்டா.

மனேச்சர் உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். உங்கள் அவுன்சுக் கணக்கு முழுவதையும் அதில் எழுதியிருக்கிறீர்களே! கண்ணாடியைக் கழற்றி, "இது பூபாலபிள்ளைக்கு உங்கட அண்ணர் தந்த நற்சாட்சியோ, இல்லாட்டி தனக்கு எதிராத் தானே எழுதின குற்றப்பத்திரமோ?" என்று கேட்டார். பிறகு, "இப்பிடி எழுதுற ஆள் பொய்க்குக் கையெழுத்து வைக்கமாட்டார்" என்று சொல்லிப் புத்தகத்தில் பதிந்தார். செப்டம்பர் முதலாந் தேதி வேலைக்கு வரட்டாம்.

உறையை இத்துடன் அனுப்புகிறேன். கொஞ்சம் அரிசித் தூசு ஒட்டியிருக்கும்.

அவர் என்னைப்பற்றிச் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, "சிவமணி கொடுக்கமாட்டாள்" என்று. அதை எழுதாமல் விட்டிருந்தால் உங்கள்மேல் கோபித்திருப்பேன். மறுபடி எண்ணத் தொடங்கிவிட்டேன், அண்ணா. பதினேழாவது மாதம்.

மச்சாளுக்கு என் அன்பு.

தங்கை,
சிவமணி

*

வெள்ளவத்தை,
14 ஆகஸ்ட் 1938

அன்புத் தங்கை சிவமணிக்கு,

இவ்விடம் மூவரும் சுகம். மூவர் என்று எழுதியதைக் கவனித்திருப்பாய். பூபாலபிள்ளை முந்தாநாள் வந்து சேர்ந்தார். மெலிந்திருக்கிறார், கறுத்திருக்கிறார், ஆனால் இரத்தினம்மாவின் புட்டைச் சாப்பிடுவதைப் பார்த்தால் அந்தக் குறை நீடிக்காது. செவ்வாய்க்கிழமை இரவு மெயிலில் ஏற்றிவிடுவேன்.

உறையும் கிடைத்தது. அதை நேற்று அவர் முன்னிலையில் திறக்காமலே எரித்தேன். "உள்ளுக்க என்ன எழுதினனீங்கள் எண்டு பாக்க ஆசையா இருந்துது" என்றார். நாலு வரி என்றேன். "அவ்வளவுதானோ? எனக்கு ஒரு பக்கமாவது வருமெண்டு நினைச்சன்" என்றார்.

நேற்றுக் காலை அவரைக் கொட்டாஞ்சேனைக்கும் கூட்டிப் போனேன். மருந்துசாலைப் படியில் கால் வைக்கத் தயங்கினார். உள்ளே வந்ததும் அலுமாரித் திறப்பை அவர் கையில் கொடுத்து, மேல்தட்டிலிருந்து ஸ்பிரிட் போத்தலை எடுத்துத் தரும்படி கேட்டேன்; ஒரு தைலம் கலக்கவேண்டியிருந்தது. எடுத்துத் தந்தார். கலந்து முடித்தபின் அவரே கொண்டுபோய் வைத்துப் பூட்டித் திறப்பைத் தந்தார். நான் மட்டத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வருகையில் ரயிலில் கடற்பக்கமாக இருந்தோம். அங்கேதான் 1934ஐப் பற்றிச் சொன்னார். நடக்கும்போது சொல்லாததை இருந்துகொண்டு சொன்னார். நான் கேட்டேன். அவர் சொன்னது எங்கள் இருவரோடும் இருக்கட்டும்.

ஒரு காரியம் மிச்சமிருக்கிறது. இரத்தினம்மாவிடம் வெந்நீர் விஷயத்தைச் சொன்னேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். "அதை அறிய உங்களுக்கு உகந்தைமலைமட்டும் நடக்க வேண்டியிருந்துதோ? சமையலறை இருவது அடிதானே" என்றாள். அவளுக்குத் தலையிடி காலையில்தான் வருகிறது என்பதையும், விடிய எழுந்து புகையடுப்பை ஊதுவதால் வருகிறது என்பதையும் அப்போதுதான் சொன்னாள்.

ஆறாவது போத்தலில் கடைசிப் பல்லில் ஒரு அவுன்சு ஸ்பிரிட் இன்னும் நிற்கிறது. காற்றில்லாத இடத்தில் ஒரு பைந்துக்கு அது போதும். மூன்று கோப்பைக்கு வரும். அடுப்பைத் துடைத்து, தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாளை காலை நாலே முக்காலுக்கு, இரத்தினம்மா எழும்புமுன், சின்னையா விசுவலிங்கம் ஆகிய நான் சமையலறைக்குள் போய் வெந்நீர் வைப்பேன். நாளை மறுநாள் முதல் விறகு ஊதப் பழகுவேன்.

உன் அண்ணன்,
விசுவலிங்கம்